அம்மாவின் குரலை எடுத்துக்கொண்டவர்

மகள் பேசுவதைப் பதிவு செய்து பள்ளிக் குழுவில் போடச் சொன்னால், மூன்று முறையாவது கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அனுப்பிய பிறகும் மனம் நிலைகொள்வதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் ஊரான அருமனையில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்லூரியில் படித்த அண்ணன் அதில் பாட்டு இறக்குவான். எங்கோ இருக்கும் யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தோ நேராக நம் வீட்டுக்கு வருகிறது என்பான். ஒரு பாட்டு வந்துசேர்வதற்குள் பத்துத் தடவை எழுந்து உட்காருவேன்.

"சும்மாவா தருகாங்க?"

"நாமளும் குடுக்கணும் மக்கா. வாங்க மட்டும் செய்தா அது களவுல்லா?"

கொடுப்பதற்கென்று ஒரு ஃபோல்டர் இருந்தது; அதில் இருப்பதை யாரும் பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். அதில் கிடந்ததெல்லாம் பிறரிடம் எடுத்த பாட்டுகள். நம்முடையது என்று ஒன்றுகூட இல்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா சவூதியில் இருந்தார். வழக்கமாகக் கேசட்டில் பேசி அனுப்பும் அம்மா, அந்த முறை கம்ப்யூட்டர் மைக்கில் தனியாக இருந்து பேசிவிட்டு, கண் சிவக்க எழுந்து வந்தாள். அண்ணன் அதைச் சிடியில் போட்டு, லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பவிருந்த மாமாவிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நான் அதை எடுத்து அந்த ஃபோல்டரில் வைத்தேன். எல்லாரும் பாட்டைத்தானே தேடுவார்கள்? 'அம்மா பாட்டு' என்று பெயரும் மாற்றினேன்.

மறுநாள் மாலை யாரோ அதை எடுத்தார்கள். திரையில் நீலக்கோடு நிறைந்து முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுக்களைக்கு ஓடிப் பெருமையாகச் சொன்னேன்.

கையில் மீன் செதிலோடு அம்மா வந்து நின்றாள்.

"ஏட்டி, எனக்க பேச்ச ஆருக்குக் குடுத்த?" அண்ணனிடம் திரும்பினாள். "லேய், அத திரிச்சு வாங்கு."

"போயாச்சும்மா. இனி திரும்ப வாங்க ஒக்காது."

"அவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"அம்மான்னு தேடுனவனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அம்மா அந்தப் பதிவை அப்போதே அழிக்கச் சொன்னாள். அதைச் சிடியில் போடவே இல்லை. அண்ணன் இல்லாத நேரங்களில் நான் மட்டும் 'அம்மா பாட்டு' என்று தேடிக்கொண்டிருந்தேன். எங்கோ இரண்டு பேருடைய கம்ப்யூட்டர்களில் அது இருந்தது. ஒரு வாரத்தில் மூன்றானது. யாரிடமும் சொல்லவில்லை.

மாமா புறப்படும் முன் அம்மா மறுபடி பேசினாள். எங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மழை, ரப்பர் வெட்டு, என் மார்க்கு. இரண்டே நிமிடம். "பின்ன ஒண்ணும் இல்ல, எல்லாரும் சுகம்" என்று முடித்தாள்.

கோபம் தீர்ந்து என்னையும் சேர்த்துக்கொண்டாள் என்று மகிழ்ந்தேன். அப்பாவிடம் அவள் சொல்ல நினைத்ததை முன்பின் தெரியாத மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அப்பா மட்டும் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.