இரண்டு வருவார்கள்

என் கணவர் மாரடைப்பில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் மாடி குவார்ட்டர்ஸுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு இன்ஜினியர் குடும்பத்தோடு மாற்றலாகி வந்தார். அவர் மனைவிக்கு என் வயதிருக்கும். கடையில் பேசத் தமிழ் வேண்டும் என்று மத்தியானங்களில் என் சமையலறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். எனக்கும் யாராவது உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது. நான் பொட்டை எடுக்கவில்லை. அவர் படத்தையும் இன்னும் மாட்டவில்லை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு நாள் எதிர்காலப் பாடம் நடந்தது. போவேன், போவாய், போவார். சொல்லிக்கொண்டே வந்தவள் வாசலில் நின்ற பைக்கைக் காட்டி, "இது யார் ஓட்டுவார்?" என்றாள். புதுச் சொல் வாயில் வந்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

"எங்க வூட்டுக்காரருதான் ஓட்டுவாரு. ஷிப்ட் முடிஞ்சி இதுலதான் வருவாரு. வந்ததும் கைகால்கூட கழுவாம காபி கேப்பாரு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். யாரோ பேசுவது போல இருந்தது.

மறுநாள் ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்தாள். "அண்ணா எப்போ வருவார்? காபி குடிப்பார், இது சாப்பிடுவார்."

எனக்கு அழுகை வரவில்லை. பாடம் சொல்வது போலவே சொன்னேன். "முன்னாடி வழக்கமா செஞ்சிகினு இருந்ததையும் தமிழ்ல வருவாரு, குடிப்பாருன்னுதான் சொல்லுவோம். இனிமே வரப்போறவருக்கும் அதே வருவாருதான். அவரு தவறிட்டாருங்க."

அவளுக்குப் புரியவில்லை. அதுவரை நான் வாயால் சொல்லாத சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. "செத்துட்டாரு."

தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எந்த வருவார்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்ங்க."

அது உண்மைதான். எங்கள் பிளாக்கில் நான் வருவார் என்று சொன்னால் எல்லோர் காதிலும் அது முடிந்துபோன விஷயம். அவள் ஒருத்திக்கு மட்டும் நேற்றிலிருந்து அவர் வரவேண்டியவராக இருந்திருக்கிறார். அவருக்காக அடுப்பில் நின்று பலகாரம் செய்திருக்கிறாள். அதை நினைத்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

அவள்தான் அழுதாள். தட்டை வாங்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் பலகாரத்தில் ஒன்றை எடுத்துத் தின்றேன். உள்ளே தேங்காயும் வெல்லமும்.

மறுநாளும் வந்தாள். வினைச்சொற்களை விட்டுவிட்டுக் காய்கறிப் பெயர்கள் படித்தோம்.