கண்ணாடியில் விழுந்த வெள்ளை

டேஷ்போர்டின் மேல் தண்ணீர்ச் சொட்டு உருண்டு நின்றது. அவள் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். முத்து மாதிரி, பரவ மனமில்லாமல். துணியால் ஒற்றியெடுத்துவிட்டு மறுபடியும் பிரஷ்ஷை சோப்பு நுரையில் தோய்த்தாள்.

"இன்னுமா போகல?" என்றார் காருக்கு வெளியே நின்றிருந்த டிரைவர். கார் அவருடையது. பாதி ஆயுளை அதில் ஓட்டிவிட்டார்.

"தண்ணி பரவணும்ணே. இப்படி உருண்டு நின்னா நீங்க போட்ட பாலிஷ் இன்னும் உள்ள உக்காந்திருக்குன்னு அர்த்தம். அதுமேல சாயம் ஒட்டாது, விலகி ஓடிடும்."

"நல்ல பாலிஷ்மா. தினம் காலைல நானே கையால தேய்ச்சேன்."

"அதான் இவ்வளவு விசுவாசமா ஒட்டிக்கிட்டிருக்கு."

தையல் மெஷினில் சீட் உறை தைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் தலை நிமிராமல் சிரித்தார்.

கடை அவருடையது. முன்பாதியில் ரெக்ஸின் சுருள்களும் பஞ்சும். பின்பாதி அவளுடையது: சாய டப்பாக்கள், பழைய பல் பிரஷ்கள், அழகு நிலையத்திலிருந்து கூடவே வந்துவிட்ட ஹேர் டிரையர். அங்கே பல வருஷம் பெண்களின் தலைக்குச் சாயம் போட்டவள். அந்தச் சாயம் ஒத்துக்கொள்ளாமல் விரல்கள் வெடித்துப் புண்ணானதும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். உட்காரத் தெரியாத பிறவி. ஒருநாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில், வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்த ஒரு கார்க் கதவின் உட்பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"இதை ஏங்க இப்படியே விட்டுடறீங்க?"

"பிளாஸ்டிக்கை வேற என்ன பண்றதாம்?"

"நரைச்ச தலையை நான் என்ன பண்ணுவேன்?"

அப்படித் தொடங்கியது. கையுறை மாட்டிக்கொண்டு, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். சூடு காட்டினால் சில கறுப்புப் பலகைகள் தானாகவே நிறம் திரும்பும். ஒரே இடத்தில் ஒரு மூச்சு அதிகம் நின்றால் உருகி வழவழத்துவிடும். பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அவளுக்கு 'பார்லர்' என்று பேர் வைத்தான்.

"என்ன பார்லர் அக்கா, காருக்கு ஃபேஷியலா?"

"உன் மூஞ்சிக்குப் பண்ணிப் பாத்தேன். அதுக்கு கார் எவ்வளவோ தேவலை."

அதன்பிறகு அவனே வண்டிகளை அனுப்ப ஆரம்பித்தான்.

நிறம் கலப்பதில்தான் அவள் கை தனியாகத் தெரியும். காரின் சிகரெட் சாம்பல் கிண்ணத்தைக் கழற்றினால் அதன் அடியில் வெயில் படாத பிளாஸ்டிக் இருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்து அப்படியே கலப்பார்கள். அவள் சீட்டையும் கூரைத் துணியையும் பார்த்து, அந்த நிறத்தில் கொஞ்சம் வயதை விட்டுவைப்பாள். ஒன்றை மட்டும் குமரியாக்கினால் பக்கத்திலிருப்பதெல்லாம் கிழடாகிவிடும். அது தலைமுடி சொல்லிக்கொடுத்தது. விரிசல் விட்டு உதிரத் தொடங்கியதை மட்டும் தொடமாட்டாள். "பிணத்துக்கு பவுடர் போடற வேலை எனக்கு வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

டிரைவர் அன்று காலை வந்தபோது காரின் முன் மூலை நசுங்கியிருந்தது. முந்தைய வாரம் சாயங்கால வெயிலை எதிர்த்துத் திரும்பும்போது ஒரு வீட்டின் கேட் தூணில் இடித்துவிட்டார். பின் சீட்டில் சவாரி ஆட்கள் இருந்தார்கள். கண் போய்விட்டது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அன்று வேலை முடிந்து கடைக்கு வரும்போது மகளே சாவியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"வித்துடப் போறாங்கம்மா. போறது அழகாப் போகட்டும். டேஷ்போர்டை நல்லாப் பளபளன்னு பண்ணிக் குடு."

எந்தக் காராக இருந்தாலும் முதலில் ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவள் வழக்கம். உட்கார்ந்தாள். வெயில் நேர் எதிரே. தெரு தெரியவில்லை. முன்கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுப்பு. தன் முந்தானையை டேஷ்போர்டின் மேல் விரித்தாள். தெரு வந்தது. எடுத்தாள். போனது.

"அண்ணே, கண்ணாடியில இந்த வெள்ளை எப்பவும் விழுமா?"

அவர் ஜன்னலருகே குனிந்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உனக்கும் தெரியுதா?"

அவள் இறங்கினாள். வேறொன்றும் கேட்காமல் வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

சொட்டு பரவியபோது மதியம் தாண்டியிருந்தது. டேஷ்போர்டின் நடுவில் நீளமாக டேப் ஒட்டி, ஓட்டுகிறவர் பக்கத்துக்கு மட்டும் சாயத்தை ஸ்பிரேயரால் மெல்லிசாக ஊதினாள். டிரையரால் காயவைத்து மறுபடி ஊதினாள். பாதியை முடித்துக் காட்டிவிட்டுத்தான் மீதியைத் தொடுவாள். இந்தத் தடவை மறுபாதியைக் கழுவவும் இல்லை.

டேப்பை உரித்ததும் டிரைவர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, உயிரே இல்லாம கிடக்கு? அந்தப் பக்கம் பாரு, எப்படி மின்னுது!"

"மின்னினது கண்ணாடியில விழுந்துதாண்ணே உங்களைத் தூண்ல கொண்டுபோய் விட்டுது."

மகள் வந்தாள். களைத்த முகம், தோளில் அலுவலகப் பை. அப்பாவைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்கப்பா."

அவர் கொடுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் கொடுப்பார் என்று மகள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சாவியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்டத் தெரியும்லம்மா?" என்றாள் பார்லர்.

"தெரியும்க்கா. இதை ஓட்டினதில்ல. இவர் தொட விட்டாத்தானே?"

"தெருக்கோடி வரைக்கும் ஓட்டேன். வெயிலைப் பாத்து. நானும் வரேன்."

மகள் ஓட்டினாள். அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ்ந்து நேரே வந்தது. தார் தெரிந்தது, சாலையில் போட்ட கோடு தெரிந்தது, ஓரத்தில் படுத்திருந்த நாய் தெரிந்தது.

"நிறுத்தும்மா. இப்ப உங்கப்பா பக்கம் சாஞ்சு பாரு."

மகள் காரை ஓரம் கட்டினாள். அப்பாவின் தோளில் இடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவர் முன்னாலிருந்த கண்ணாடி வெள்ளையாக இருந்தது. நாயைக் காணவில்லை. நிமிர்ந்தாள், நாய் இருந்தது. இன்னொரு தடவை சாய்ந்தாள்.

"இதைப் பாத்துக்கிட்டா ஓட்டுனீங்க? ஏம்பா சொல்லல?"

"சொன்னா கண்ணு போச்சுன்னு சொல்லுவே."

"சொல்லாமலேயும் அதைத்தானே சொன்னேன்?"

"நானே அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றார். "டேஷ்போர்டு வெளுக்க வெளுக்க பாலிஷை இன்னும் அழுத்தித் தேய்ச்சேன்."

பின்சீட்டிலிருந்து பார்லர் சொன்னாள்:

"கண்ணையும் ஒருதடவை காட்டிடுங்கண்ணே. நான் பிளாஸ்டிக்குக்குத்தான் பொறுப்பு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. "டாக்டர் என்ன சொல்றார்னு பாப்போம்ப்பா. ஓட்டலாம்னா ஓட்டுங்க. விக்கற பேச்சு இப்ப வேணாம்."

மறுநாள் காலையில் பார்லர் மீதிப் பாதியைக் கழுவிச் சாயம் ஊதினாள். மதியத்துக்குமேல் அப்பாவும் மகளும் கண் மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல்லியிருந்தார்கள். அது வந்தபிறகு பகலில் ஓட்டலாம், இருட்டில் கூடாது. மகள்தான் காரை எடுத்துப் போனாள்; டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே போனார். சாயங்காலம் மெக்கானிக் ஒரு வேனின் கதவுப் பலகைகளை அனுப்பினான். இரண்டைக் கழுவிக் காயவைத்தாள். இன்னொன்றில் விரிசல் ஓடியிருந்தது. திருப்பி அனுப்பினாள்.