தாழிக்குள் கைவிட்ட நாள்

கோடை விடுமுறைக்குத் தங்கையின் பெண்கள் இருவரும் பொதட்டூர்பேட்டையிலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவள் ஆறாம் வகுப்பு முடித்தவள். செத்தவர்களைப் பானையில் வைத்துப் புதைப்பார்களாம் என்று பள்ளியில் படித்ததிலிருந்து அந்தப் பானையைப் பார்க்க வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து, ஊர் வரலாற்று அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அங்கே அப்படிப் புதைத்த தாழி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று கிருத்திகை என்பதை மறந்துவிட்டது என் தப்பு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் வெயிலுக்கு அந்தக் கட்டிடத்துக்குள் புகுந்திருந்தார்கள். செப்பேடு வைத்த கண்ணாடிப் பெட்டியின் மேல் புளிச்சோறு பிரித்து வைத்து ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுகல் மேல் ஈரத்துண்டு காய்ந்தது. வௌவால் புழுக்கையும் மூத்திரமும் கலந்த நாற்றத்தில் சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காவலாளி மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுக் கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழி கடைசி அறையில், ஜன்னலோரம் இருந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது, சின்னவளின் இடுப்பளவுதான். பெரியவள் சுவரிலிருந்த அட்டையை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். ஏரி தூர் வாரும்போது கிடைத்தது, குழந்தை ஒன்றை அடக்கம் செய்தது என்று எழுதியிருந்தது.

"அப்ப அவங்க அம்மாதான் இதுல வெச்சிருப்பாங்களா, பெரியம்மா?"

"ஆங், அப்படித்தான் இருக்கும்."

பிறகு சின்னவள் எட்டி உள்ளே பார்த்தாள். பார்த்தவள் அப்படியே திரும்பி என் புடவை மேலும் தரையிலும் வாந்தி எடுத்தாள்.

நானும் பார்த்தேன். சிப்ஸ் பாக்கெட்டுகள், வாழைப்பழத் தோல், பான் எச்சில். எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளை மலத்தோடு சுருட்டிப் போட்ட டயப்பர். ஈ மொய்த்தது.

சத்தம் கேட்டுக் காவலாளி வந்தார். தரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கொழந்தைய வெளிய இட்டுகினு போவக்கூடாதா? யாரு தொடைக்கிறது?"

"நான் தொடைக்கிறேங்க. இதுக்குள்ள பாத்தீங்களா நீங்க?"

"வர்றவன்லாம் போட்டுகினு போறான். நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?"

அவர் சொல்லி முடிக்கவில்லை. கைக்குழந்தையோடு பின்னால் நின்ற ஒரு பெண், குழந்தையைத் துடைத்த ஈரக் காகிதத்தை எங்கள் எல்லார் கண்ணெதிரே தாழிக்குள் போட்டாள்.

"ஏம்மா, எடும்மா அத. ஒரு கொழந்தைய பொதைச்ச பானை அது" என்றேன்.

அவள் விழித்தாள். அவள் புருஷன்தான் பதில் சொன்னான். நல்ல சட்டை, கையில் கார் சாவி. "பொணம் வெச்ச பானைதானே? அதுல இத போட்டா இன்னா கெட்டுப்பூடும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். காவலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு டயப்பரைவிட அருவருப்பாக இருந்தது.

பையிலிருந்த பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தாழிக்குள் கையை விட்டேன். உடனே காவலாளிக்குக் கடமை ஞாபகம் வந்துவிட்டது.

"ஏய், ஏய், தொடாதம்மா! பொருள தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம் இல்ல? ஆபீசருக்கு போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க. வரட்டும்."

அவர் பண்ணவில்லை. பெரியவள், வரும் வழியில் பூஜைச் சாமான் வாங்கிய பையைக் காலிசெய்து என் எதிரே விரித்துப் பிடித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிரக் கையை எடுக்கவில்லை. அள்ளி அள்ளிப் போட்டேன். கவர் கிழிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. அடியில் வெற்றிலைச் சாறு மண்ணோடு ஊறிக் கறுத்திருந்தது, அது வரவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் என்னைப் படம் பிடித்தார். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பிறகு என் முந்தானையாலேயே வாந்தியைத் துடைத்தேன்.

வெளியே குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கை கழுவினோம்.

இரவு சோற்றில் கை வைக்கவே முடியவில்லை. கரண்டியால் இரண்டு வாய் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். பிள்ளைகளோ என் வீட்டுக்காரரிடம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் காவலாளி மாதிரி கையை ஆட்டி நடித்துக் காட்ட, சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்குப் போகும்முன், "இன்னொரு தபா போய் பாக்கலாமா பெரியம்மா, மறுபடி போட்டுகிறாங்களான்னு?" என்று கேட்டாள் பெரியவள். மாட்டேன் என்றேன். போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை.