கை தூக்காத ஸ்டெல்லா

முருகனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது நம் பூப்பந்துக் குழு ரவி அண்ணன் போன் செய்தார். "ஸ்டெல்லா போயிட்டாம்மா. வேலை முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல வந்திருக்கா. பாலத்துல லோரி ஏறிடுச்சு." பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்கிற ஊரில் தொழிற்சாலை; இரவு ஷிப்ட் முடித்து, நம் தீவுக்குத் திரும்புகிற வழி. தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது. விளக்கை ஏற்றி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

நம் மண்டபத்தில் பூப்பந்து ஆடுகிற உங்கள் எல்லாருக்கும் அவள் ஓங்கி இறக்குகிற ஸ்மேஷ் தெரியும். நீங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறவர்கள். நானோ சர்க்கரை ஏறிவிட்டதென்று வந்தவள்; மட்டை பிடிப்பதைக்கூட போனில் பார்த்துக் கற்றேன். "ஓரமா நின்னு பந்து பொறுக்கிக் கொடுங்கக்கா, போதும் லா" என்றீர்கள். என்னைவிட எவ்வளவோ இளையவளான ஸ்டெல்லாதான் கோர்ட்டுக்குள் இழுத்து விட்டாள். முதல் பந்தையே என் மூக்கில் அடித்தாள். சட்டையெல்லாம் ரத்தம். துடைத்துக்கொண்டு நின்றேன். அடுத்தது தொண்டையில்.

எதிராளி உடம்பில் பந்து பட்டால் கை தூக்கி மன்னிப்புக் கேட்பது ஆடுகிறவர்களின் வழக்கம். அவள் கை தூக்கவில்லை. ரவி அண்ணன் கோபப்பட்டார். "புது ஆளை ரத்தம் வர அடிக்கிற. கை தூக்கினா கொறைஞ்சா போயிடுவ?"

"தூக்கினா அக்கா மன்னிச்சிடுவாங்க அண்ணே. அடுத்த பந்துக்கும் கண்ணை மூடுவாங்க."

அன்று தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "புதுசா ஆடுறவங்க கண்ணை மட்டும்தான் மூடுவாங்க. நீங்க கையால காதையும் மூடுறீங்க. வீட்டுல யாருக்கா அடிக்கிறது?"

அதுவரை யாரும் கேட்டதில்லை. போன பிறவிக் கணக்கு, அடி வாங்கித்தான் கழிகிறது என்றேன். வீட்டுச் செலவில் ஒரு காசு விடாமல் எழுதி வைப்பவள் நான். கணவர் அடியையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எழுதுற ஆளுதானே. இன்னும் பாக்கி எவ்வளவு, சொல்லுங்க பார்ப்போம்."

தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு மட்டையை எடுத்தேன்.

பிறகு வாரா வாரம் அடித்தாள். தோள், நெஞ்சு, கன்னம் எல்லாம் கன்றிப்போகும். "மட்டை மூஞ்சிக்கு முன்னாடி. கண்ணு பந்து மேல" என்பதைத் தவிர அவள் எனக்கு வேறெதுவும் சொல்லித் தந்ததில்லை.

சோறு வைக்க நேரமாகிவிட்டதென்று என் கணவர் மண்டப வாசலுக்கே வந்த மாலை உங்களுக்கு நினைவிருக்கும். முதல் அடி காதில் விழுந்து உள்ளே விசில் ஊதியது. "குடும்ப விஷயம் லா" என்று உங்களில் சிலர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். இரண்டாவதாக அவர் முஷ்டி வந்தபோது என் மட்டை முகத்துக்கு முன்னால் இருந்தது. கண் திறந்திருந்தது. முஷ்டி மட்டைச் சட்டத்தில் மோதி, விரல் முட்டியில் தோல் கிழிந்து மட்டை நரம்பெல்லாம் சிவந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்க என் கை தானாக எழுந்தது. ஸ்டெல்லா மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"தூக்காதீங்க."

அவரிடம் திரும்பி, "இன்னும் அடிக்கணும்னா அடிங்க அண்ணே. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டுதான் நிக்கிறோம்" என்றாள். அவர் அடிக்கவில்லை. அவளுடைய மோட்டாரிலேயே போலீஸ் நிலையம் போனோம். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்குள் வரவில்லை.

அவளுடைய சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். "செபமாலையை அவ கையில யாராவது வைங்கம்மா. என்னால பார்க்க முடியாது" என்று அவளுடைய அம்மா கெஞ்சினார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன். மூடியைத் தூக்கினார்கள். முகத்தில் பாதி இல்லை. தாடை எங்கோ திரும்பியிருந்தது. என் கை காதுப்பக்கம் போனது, இறக்கிக்கொண்டேன். கண்ணை மூடாமல் விரல்களைத் தேடி, மாலையைச் சுற்றி வைத்தேன்.

வெளியே வந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தார். "வலது கை முழுசா இருக்கும்மா. அதுலதான் வச்சேன்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

அவளுடைய ஸ்மேஷ் எனக்கு வரவில்லை, இனியும் வராது. வருவதை நேருக்கு நேர் பார்க்கிற கண்தான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை ஆட வருவேன். ஓரமாக நிற்க மாட்டேன். என் மேல் பட்டால் யாரும் கை தூக்க வேண்டாம்.