வரையாமல் விட்ட விரல்

கண்டியில் எங்கள் திணைக்களம் ஒரு பழைய வலவ்வையில் வாடகைக்கு இருந்தது. மலைநாட்டுச் சிங்களப் பிரபுக்களின் மாளிகைக்கு அதுதான் பெயர். வீட்டார் போகும்போது தளபாடங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன் மண்டபச் சுவரில் இருந்த ஓர் ஓவியத்தை மட்டும் விட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் அதன் சட்டத்தில் வெள்ளை மையால் ஓர் இலக்கத்தை எழுதிவிட்டார்கள். அதன்பிறகு அது யாருடைய சொத்து என்று எவரும் கேட்கவில்லை. இலக்கம் விழுந்த பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது எங்கள் மரபல்ல.

படத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். கண்டிப் பாணிச் சேலையான ஒசரி உடுத்து, கழுத்து நிறையத் தங்கம் அணிந்திருந்தாள். பின்னால் மங்கலாக ஒரு மலை; ஹந்தானையாக இருக்கலாம். வலக்கை கதிரையின் முதுகில் இருந்தது. இடக்கை இடுப்பருகே. அந்தக் கையின் மோதிர விரல் மட்டும் வரையப்படவில்லை. ஒரு கோட்டோடு நின்றுவிட்டது.

பல வருடங்கள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அலுவலகக் கோவைகள் பார்த்தவன் நான். தேநீர் வேளையில் அவளைப் பற்றிப் பேச்சு வரும். "உது திமிர், பாருங்கோ. ஒருத்தரையும் மதிக்காத பார்வை" என்பார் யாழ்ப்பாணத்துக் கணக்காளர். காதல் தோல்வி என்பார் சிங்களத் தலைமை எழுதுவினைஞர். நான் கொஞ்சம் படித்தவன் என்பதால் என் விளக்கத்தில் தர்க்கம் இருந்தது. எந்த ஓவியனும் ஒரு விரலை மறக்கமாட்டான். வேலை முடியுமுன் பெண் இறந்திருக்க வேண்டும். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று உத்தியோகத்தர்கள் ஒருமனதாக முடிவு செய்த பிறகு, அந்தப் பெண் உயிரோடிருக்க வழியே இல்லை.

தேநீர் கொண்டுவந்த பியோன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து மஹய்யாவத் தமிழன். அவனுடைய மூத்த மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. அடுத்த வெள்ளிக்கிழமை படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சட்டத்தில் ஒரு மாலை தொங்கியது.

"என்னடா இது?"

"கல்யாணம் ஆகாம செத்த புள்ள, கன்னி தெய்வம் சேர். கேட்டா குடுக்கும்."

"சிங்களக் கன்னி தமிழனுக்குக் கொடுக்குமா?"

"கதிர்காமத்துல அவங்களும் நம்மளும் ஒண்ணாத்தானே கும்புடுறோம்?"

இதற்கு எதிராக எந்தச் சுற்றுநிருபமும் இல்லை. விட்டுவிட்டேன். சில மாதங்களில் அவன் மகளுக்கு நாவலப்பிட்டியிலிருந்து ஒரு வரன் அமைந்தது. தாலி ஏறியதும் கன்னிக்குச் சேலை படைப்பதாக நேர்ந்துகொண்டான்.

திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு மூதாட்டி வந்தார். வெள்ளை ஒசரி, கையில் குடை, பின்னால் டிரைவர். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"யார் எனக்குப் பொட்டு வைத்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

படத்துக்கு என்று சொல்லவில்லை. எனக்கு என்றார். நான் எழுந்து நின்றேன். பியோன் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தான்.

"ஐயோ சேர், உசுரோட இருக்கவங்களுக்கா மால போட்டேன்?"

அவர் வந்த காரியத்தைச் சொன்னார். தங்கை மகன் இந்த வீட்டைத் திரும்ப எடுத்து விருந்தினர் விடுதியாக்கப் போகிறானாம். படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டுவானாம்.

"முட்டை தின்னும் வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்க்கத் தேவையில்லை. நான் கொண்டுபோய் எரிக்கப் போகிறேன்."

பியோனுக்கு அந்த அளவுக்குச் சிங்களம் தெரியும்.

"எரிக்கிறதா? தாலி ஏறுறதுக்கு முந்தியா? சொல்லுங்க சேர். மாப்ள வீட்டுல ஏற்கனவே நூறு நொட்ட சொல்றாங்க. என் புள்ள இனி தாங்கமாட்டா சேர்."

மும்மொழியிலும் பொருள் தராத எத்தனையோ அறிவித்தல்களை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். இதை அப்படிச் செய்ய முடியவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்ததையும், இவன் வேண்டிக்கொண்டதையும், வரன் அமைந்ததையும் உள்ளபடி சொன்னேன்.



"என்னிடமா கல்யாணம் கேட்டான்?" என்றார் அவர். "இந்தப் படத்தை எதற்கு வரைந்தார்கள், தெரியுமா? மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்ப. புகைப்படம் எங்கள் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். போர்வையில் சுற்றிக் காரில் போகும். கொஞ்ச நாளில் திரும்பி வரும். மோதிரம் வந்ததும் அதைப் பார்த்தே அந்த விரலை வரையலாம் என்று அப்பா சொன்னார். ஓவியர் காத்திருந்தார். பிறகு ஓவியர் செத்துப்போனார்."

நான் படத்தைப் பார்த்தேன். திமிர் இல்லை, காதல் இல்லை, சாவும் இல்லை. அந்நியர் வீட்டுக் கூடத்தில் நிறுத்திவைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்த ஒரு பெண், அதற்காக முகத்தைச் சரிசெய்து வைத்திருந்தாள். அவ்வளவு காலமும் நாங்களும் அவளை அப்படித்தான் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதை எடுத்துப்போக எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.

"நான் விரும்பினால் இன்றைக்கே. விரும்பாவிட்டால் மூன்று மாதம்."

அவர் பியோனின் பக்கம் திரும்பினார். "மகளுக்கு எப்போது?"

"அடுத்த மாசம், நோனா."

"அப்படியானால் நீங்கள் விரும்பவேண்டாம்" என்றார் என்னிடம்.

என் உத்தியோக வாழ்வில் நடைமுறையை அவ்வளவு ஒழுங்காக நான் என்றும் பின்பற்றியதில்லை. விண்ணப்பம் கேட்டேன், பிரதி குறைகிறதென்று திருப்பி அனுப்பினேன். உரிமை யாருக்கு என்று கொழும்புக்கு எழுதினேன். கொழும்பு என்னைக் கைவிடவில்லை, பதிலே வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பியோன் மாலை போடுவதை நிறுத்திவிட்டு, கீழே ஒரு பூ மட்டும் வைத்தான். "உசுரோட இருந்தா என்ன சேர், கேட்டத குடுத்தாங்கள்ல?" என்றான்.

மஹய்யாவ கோயிலில் தாலி ஏறியது. கொழும்பின் அனுமதியும் ஒருவழியாக வந்தது. அந்த அம்மையாரை வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினேன்.

அவர் கையொப்பமிட்டதும் டிரைவர் படத்தைக் கழற்றினான். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கப் போனான். "இருக்கட்டும்" என்றார். பியோன் ஒரு தட்டோடு வந்து நின்றான். வெற்றிலை, பழம், நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சேலை.

"நேர்ந்த சேலங்க, நோனா."

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை; இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். இடக்கை விரல்கள் மெலிந்து, வெறுமையாக இருந்தன.

படத்தை எரித்தாரா என்று எனக்குத் தெரியாது. டிரைவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினான். காரருகே போனதும் தட்டை வாங்கிவைக்கக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. பின் ஆசனத்தில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டார்.