நல்லாத்தான் இருந்த சாம்பார்

அண்ணி எங்கள் வீட்டில் முதன்முதலாக வைத்த சாம்பாரில் வெல்லம் இருந்தது. மண்டியா பக்கத்துக் கன்னடப் பெண். அந்த ஊரில் சாம்பாருக்கு வெல்லம் போடாவிட்டால் அடுப்பே பற்றாது என்று அண்ணன் பிறகு கிண்டல் செய்வான். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் நாங்கள் தின்று வளர்ந்த சாம்பார் புளிப்பும் காரமுமாக மூக்கில் ஏறும்; இனிப்பு என்றால் பூசணிக்காய் தானாகக் கொண்டுவருவதோடு சரி. அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அண்ணி கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள் அம்மா.

தமிழ் பேசி வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ‘நல்லாருக்கு’ என்றால் நன்றாக இருக்கிறது. ‘நல்லாத்தான் இருக்கு’ என்றால் அதன் பின்னாலேயே ஓர் ‘ஆனா’ வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறது. மரியாதைக்காக உள்ளே வரவில்லை, அவ்வளவே. புது மருமகள் மனம் நோகக் கூடாது, தன் நாக்கும் முழுப் பொய் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அம்மாவுக்கு அந்த ஒரு ‘தான்’ அகப்பட்டது.

அண்ணியின் முகம் அப்படி மலர்ந்தது.

எங்கள் எல்லோருக்கும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அப்பாவுக்கு மாநகராட்சி வேலையில் அதுதான், எங்களுக்குப் பள்ளியில் அதுதான். அண்ணி தமிழே தெரியாமல் இந்த வீட்டில் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் கற்றே தீருவேன் என்றாள். நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எனக்கு மட்டும் தெரியாமல் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று கேட்டாள். நான் அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்தேன்; எதைக் கண்டாலும் துள்ளுகிற புத்தி. பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் எங்கள் வகுப்பு நடந்தது. நீதான், இதுதான், இன்னைக்குத்தான் என்று அடுக்கிப் பார்த்து, ‘தான்’ வந்தால் அழுத்தம் என்கிற விதியை அவளே கண்டுபிடித்தாள். அப்படியானால் நல்லாத்தான் என்றால் ரொம்ப ரொம்ப நல்லா. இலக்கணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "சும்மா இருடி, குஷியா இருக்கா" என்றான். சும்மா இருந்தேன்.

என்னை ‘புட்டி’ என்று கூப்பிடுவாள். கன்னடத்தில் சின்னப் பொண்ணு என்று அர்த்தம். தமிழில் சாராய பாட்டில். சந்தில் நின்றுகொண்டு "புட்டி எங்க?" என்று அவள் கேட்டால் எதிர்வீட்டுக்காரர், "இங்க காலியாயிடுச்சும்மா" என்பார். அர்த்தம் தெரிந்த பிறகும் அவள் அந்தப் பெயரை விடவில்லை. அந்தச் சிரிப்பில் தனக்கும் பங்கு இருக்கிறதென்று அவளுக்குப் பெருமை.

புகழ்ந்தால் யார்தான் குறைத்துப் போடுவார்கள்? வெல்லம் ரசத்துக்கு வந்தது, பொரியலுக்கு வந்தது. அம்மா எலுமிச்சை ஊறுகாயைத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டு "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்பா சாயங்காலம் கடைத்தெருவில் மசால் வடை தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்றார். ஒருமுறை, கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, அண்ணி அம்மாவை மேலும் கீழும் ஆசையாகப் பார்த்து, "அத்தே, இந்தப் புடவை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். அம்மா வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது.

நீலசந்திராவில் இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, தன் பெண்ணின் வளைகாப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். பிரியாணியை ஆள் வைக்காமல் தானே கிண்டினாள். சித்திக்கு அதில் ரொம்ப கர்வம். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். அண்ணியின் முன் வந்தாள். அண்ணி தனக்குத் தெரிந்த ஆகப்பெரிய பாராட்டை எடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, சித்தி."

சித்தியின் முகம் விழுந்தது. "இன்னாம்மா இழுக்கற? எது கம்மி, சொல்லிடு."

"இல்ல சித்தி. நெஜம்மா. நல்லாத்தான் இருக்கு."

"பாத்தியா அக்கா, உம்மருமக எவ்ளோ நாசூக்கா மட்டம் தட்றா!"

அண்ணி திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளைகாப்புக்காரி, வாயில் சோற்றோடு, விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னாள்: "அண்ணி, நல்லாத்தான் இருக்குன்னா நல்லா இல்லன்னு அர்த்தம்."

பந்தியே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மெதுவாகத் திரும்பி, எதிர் வரிசையிலிருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது மெஜஸ்டிக் பஸ்ஸில் அண்ணியும் நானும் ஒரே சீட். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"புட்டி, அத்தே என்கிட்ட ஒரு தடவையாவது ‘தான்’ இல்லாம சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க அண்ணி."

"எதுக்கு?"

என் வேகமான மூளை அந்த மூன்று வருஷத்தையும் புரட்டிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. "உப்புமாவுக்கு" என்றேன்.

"உப்புமா நான் பண்ணதே இல்ல. உங்கண்ணனுக்குப் புடிக்காதே."

அதற்கப்புறம் அவள் உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சாப்பாடாகத் திரும்பப் போய் அதில் இருந்த ‘தானை’ எடுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பொங்கலுக்கு வைத்தது, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கரைத்துக் கொடுத்தது, தன் அம்மா வந்திருந்தபோது எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறியது.

மறுநாள் சாம்பாரில் வெல்லம் இல்லை. கச்சிதமான சாம்பார், அம்மா வைப்பதைப் போலவே புளி, அதே காரம். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றாள். ‘தான்’ இருந்த இடத்தை அவள் தாண்டிப் போனது எல்லோர் காதிலும் விழுந்தது. அண்ணி தலையாட்டினாள், கண்டக்டர் சில்லறை கொடுத்தால் தலையாட்டுவோமே, அப்படி.

அன்றிலிருந்து அவள் வீட்டில் கன்னடம் மட்டுமே பேசினாள். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மா தமிழில் கேட்பாள், அவள் கன்னடத்தில் பதில் சொல்வாள், எல்லாம் எல்லோருக்கும் புரியும். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட்டாள். நான் அடுப்பங்கரையில் போய் நின்று, மொழிகளில் இப்படித்தான், ஒரு இடைச்சொல்லுக்குப் பல பொருள் என்று ஏதேதோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "நீ நல்லா படிச்சிருக்க" என்றாள், கன்னடத்தில்.

இதில் ஒரு கூத்து உண்டு. வெல்லம் போன பிறகு அந்த வீட்டில் யாருக்கும் சாம்பார் இறங்கவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார். அண்ணனும் தட்டில் மிச்சம் வைத்தான். அம்மாதான் ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "அவ போடறமாரி இருந்தாத்தான்டி எனக்கு இப்ப சோறு எறங்குது." எங்கள் நாக்கு எப்போதோ மாறிப்போயிருந்தது. வாய் மட்டும் பழைய பழக்கத்தில் அந்தத் ‘தானை’ விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அதை அவளிடமே சொல்லும்மா என்றேன். அம்மா சொல்லிப் பார்த்தாள். பழையபடி கொஞ்சம் வெல்லம் போடும்மா, அதான் நல்லாருந்துச்சு என்றாள். அண்ணி, பரவாயில்லை அத்தே, எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம் என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கினாள்.

அம்மா மறுபடி முயன்றாள். இந்த முறை, ‘தான்’ எங்கேயும் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று பயந்தோ என்னவோ, மார்க்கெட்டில் பேசுகிற தன் கன்னடத்தில், கொஞ்சம் வெல்லம் போடு, முன்பு போடுவாயே அது எனக்குப் பிடிக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதைப் போல நின்று சொன்னாள். அத்தனையும் உண்மை.

"ஆய்த்து அத்தே" என்றாள் அண்ணி. சரி என்று அர்த்தம்.

அடுத்த நாள் மத்தியானம் அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. வெல்லத்தை மெல்லிசாகச் சீவி, ஒரு ஸ்பூனும் போட்டு வைத்திருந்தாள். வேண்டுமென்கிறவர்கள் வேண்டுமட்டும் போட்டுக்கொள்ளலாம். சாம்பார் தனியாக, கச்சிதமாக, அம்மா வைப்பதைப் போலவே இருந்தது. பரிமாறி முடித்துவிட்டு அண்ணி மாடியில் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அம்மா ஒரு ஸ்பூன் எடுத்துச் சாம்பார் சோற்றில் தூவிப் பிசைந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது, வெல்லம் கரையவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பாரை ஊற்றி மறுபடி பிசைந்தாள். பிறகு சாப்பிட்டாள். வெல்லத்துணுக்கு அவள் பல்லில் நறநறத்தது எங்கள் மூவருக்கும் கேட்டது.