மூத்த பிள்ளைகள் காய்ச்சிய கூழ்

வீட்டில் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சும்போதெல்லாம் அந்த முகாம்தான் நினைவுக்கு வரும். நான் அப்போது எங்கள் பள்ளிக்கூடச் சாரணியருக்குப் பொறுப்பான ஆசிரியை. மூத்த பிள்ளைகள் நால்வரும் அந்த முகாமோடு சாரணியத்தை விட்டு விலகப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களை எப்படி மறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முகாமுக்கு என் கைக்குழந்தையையும் கொண்டுபோயிருந்தேன். கூழுக்கு உலை வைத்த நேரம் பார்த்து அவள் வீரிட்டு அழுதாள்.

மூத்தவர்களில் ஒருத்தியான பவானி வந்தாள். "ரீச்சர், பிள்ளையோடை வேம்புக்குக் கீழை போய் இருங்கோ. கூழை நாங்கள் பாக்கிறம்."

மனமில்லாமல் போனேன். மடியில் குழந்தை, கண் அடுப்பில். மாவைக் கரைத்து ஊற்றியதும் பவானி ஒரு சின்னவளிடம் அகப்பையைக் கொடுத்தாள். நான் பதறி எழும்பினேன்.

"இருங்கோ ரீச்சர், நான் பக்கத்திலைதானே நிக்கிறன். எங்களைத்தான் ஒருநாளும் அடுப்புக்குக் கிட்ட விடேல்லை. இவளாவது துழாவட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் பழக்கிய அதே முடிச்சுகளையும் பாட்டுகளையும்தான் இந்த வளர்ந்த பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் வேம்புக்குக் கீழே உட்கார்ந்தேன்.

கூழ் கொஞ்சம் கட்டிபட்டிருந்தது. ஆனாலும் சின்னவர்கள் இன்னும் வேண்டுமென்று கேட்டார்கள்.

"அடுத்தமுறை புளியை இன்னும் கூட்டி விடுவம்," என்றாள் பவானி.

அடுத்தமுறையா என்று கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில், நான் கூழைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன்.